கெட்ட பழக்கம் இல்லாதவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். கௌஹாத்தி வெயில்தான் தாங்கவில்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் பாக்கு மெல்லுகிறவர், மெல்லாதவர், அவர்களில் வாய்ப்புற்று வந்தவர், வராதவர் என்று நாலு கட்டம் போட்டு எண்ணுகிறோம். நம் மலைப்பக்கத்து பிடாலியா அக்காவிடம், "பாக்கு மெல்லும் பழக்கம் உண்டா?" என்று கேட்டேன். கன்னம் புடைக்க வெற்றிலை பாக்கை மென்றுகொண்டே, "சீச்சீ, எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது" என்றாள்.

"அப்ப வாயில என்னக்கா?"

"இதுவா? இது நம்ம குவாய், டி! வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்கறது, போன இடத்துல வாங்கிக்கறது. இதுக்குப் பேரு பழக்கமா?"

வார்டே சிரித்தது, நானும்தான். அப்புறம் பார்த்தால், நம் ஜனங்கள் எல்லோரும் இப்படியே சொன்னதால், மெல்லாதவர் கட்டத்தில் நோயாளிகள் நிரம்பியிருந்தார்கள். பாக்குக்கும் புற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்றது கணக்கு!

இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன்: "கடைசியாக எப்போது குவாயை வேண்டாம் என்றீர்கள்?" யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கறுப்பு எள் கொஞ்சம் அனுப்பு. தனியாகச் சமைத்தால் எதுவும் ருசிப்பதில்லை. அப்புறம், குவாயைத் துப்பி வாயைக் கொப்பளித்துவிட்டு, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து எழுது. பஸ்ஸுக்கு நேரமாகிறது.

பழக்கம் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே, அம்மா.

உன்
தாபிஷா