பேரம் பேசாத நாள்

ஜூன் 3, திங்கள்
இன்று கொழுத்த வியாபாரம். அரைமணியின் பவர் டில்லர் என் கைக்கு வந்துவிட்டது. பழைய விவசாய இயந்திரங்களை வாங்கிச் சரிசெய்து விற்கத் தொடங்கி இருபத்தாறு வருடம். இத்தனை வருடத்தில் ஒரு போல்ட்டைக்கூட அரை மணி நேரம் பேரம் பேசாமல் என்னிடம் வாங்கியதில்லை அவன். பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். இன்று வாய்க்கு வந்த அடிமாட்டு விலையைச் சொன்னேன். "சரி, எடுத்துக்கோ" என்றான். டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

டில்லரின் கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டியிருந்தது: 'காலையில் லேசில் கிளம்பாது. மூன்றாவது இழுப்பில் கிளம்பும். திட்டாதே.' சிரித்துவிட்டேன்.

சுகாதார நிலைய நர்ஸ் வந்து கடைச் சுவரில் ஏதோ ஒட்டினார். மனசு சரியில்லாதவர்களுக்கு வியாழன்தோறும் டாக்டர் வருகிறாராம். "ஆம்பளைங்க வர்ற கடைம்மா இது" என்றேன். "அதனாலதான் இங்க ஒட்டுறேன்" என்றார்.

ஜூன் 4
டில்லரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. பிறகு ஏன் விற்றான்?

ஜூன் 5, புதன்
விதைப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது உழுகிற வண்டியை எவனாவது விற்பானா? திங்கட்கிழமையே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். லாபம் கண்ணை மறைத்துவிட்டது. போன் செய்தேன், எடுக்கவில்லை. வேலையாக இருப்பான் என்று விட்டுவிட்டேன் — விட்டுவிட்டேனா?

ஜூன் 6, வியாழன்
காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவன் மனைவி நிற்கிறாள்.

"அண்ணா, பம்புக்கு பெல்ட் வேணும்."

"அவன் எங்கம்மா?"

"மோட்டார் ரூம்லயே உக்காந்திருக்காரு. இனிமே நீயே பழகிக்கோன்னு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டாரு."

தாளை வாங்கிப் பார்த்தேன். டில்லர் சீட்டில் இருந்த அதே எழுத்து. எந்த வால்வு எந்த வயலுக்கு, எது இறுக்கமாக இருக்கும், எதை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்... கடைசி வரி: 'பெல்ட் தேய்ந்தால் மெஷின் கடைக்காரனிடம் போ. ஏமாற்ற மாட்டான்.'

ஷட்டரை இறக்கிவிட்டு அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மோட்டார் ரூமில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். தாடி ஒரு வாரத்துக்கு வளர்ந்திருந்தது.

"என்னடா, வண்டில பிரச்சினையா?"

"வண்டில இல்ல. செத்துடலாம்னு இருக்கியா?"

வேறு எப்படிக் கேட்பது? சுற்றி வளைத்துப் பேச எனக்கு வியாபாரத்தில்தான் வரும்.

குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். குழாயைப் பார்த்தபடியே, "யாரு சொன்னா?" என்றான்.

"நீ பேரம் பேசல."

சிரிப்பாக ஆரம்பித்தான். பாதியில் அது அழுகையாகிவிட்டது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏழு மாசமா தூக்கமில்லடா. வயல்ல கால் வெச்சாலே நெஞ்சு அடைக்குது. நான் இல்லாட்டி இவங்களாவது நிம்மதியா இருப்பாங்க."

"தங்கச்சிகிட்ட சொன்னியா?"

"ஆம்பள இதை எப்படிடா சொல்றது?"

தங்கச்சி வெளியே நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து அந்தத் தாளை அவன் மடியில் போட்டாள். "இதெல்லாம் என்னால பழக முடியாது. நீங்களே பாருங்க." அவ்வளவுதான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுவரில் ஒட்டிய நோட்டீஸ் ஞாபகம் வந்தது. இன்றைக்கு வியாழன்.

"வா, டாக்டர் வந்திருப்பாரு."

"பைத்தியம்னு பேர் வெச்சுடுவாங்க."

"அரைமணிங்கிறதைவிட அது மோசமா? ஆறு வியாழன் வா."

"ஒண்ணுகூட முடியாது."

"நாலு."

"இன்னிக்கு மட்டும்."

"மூணு."

"ரெண்டு. அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது."

ரெண்டு என்றான்! பேரம் பேசிவிட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். மாத்திரை கொடுத்தார். இவரைத் தனியாக விடாதீர்கள், மோசமானால் அடுத்த வியாழன்வரை காத்திருக்க வேண்டாம், எந்த நேரமானாலும் கூட்டி வாருங்கள் என்றார். முறை வைத்திருக்கிறோம்: பகலில் நான், மற்ற நேரம் தங்கச்சியும் அவள் தம்பியும்.

ஜூன் 7
டில்லரைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "தானமா? வேணாம். தெம்பு வரட்டும், பேசி எடுத்துக்கிறேன்." விதைப்புக்கு அவன் வயலை உழ நானே ஆள் அனுப்ப வேண்டும்.

வீட்டில் எல்லாம் சொன்னேன். என் மனைவி கேட்டுவிட்டு, "நீங்களும் வீட்ல இருந்தும் இல்லாத மாதிரிதான் இருக்கீங்க, ரெண்டு வருஷமா" என்றாள். எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

ஜூன் 15
மோசமான நாள். காலையிலிருந்து வாய் திறக்கவில்லை அவன். பக்கத்தில் உட்கார்ந்து இருவருமாகப் பழைய கார்புரேட்டர் ஒன்றைக் கழுவினோம். சாயங்காலம், "கேஸ்கெட்டை மாத்து" என்றான். அது போதும் எனக்கு.

ஜூன் 20
பேசிய கணக்குக்கு மூன்றாவது வியாழன் கிடையாது. ஒன்பது மணிக்குக் கடை வாசலில் வந்து நின்றான். "என்ன பார்க்குற? வண்டியை எடு."

ஜூலை 18, வியாழன்
டாக்டரைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தான். டில்லர் வேண்டுமாம். வாங்கிய விலையையே சொன்னேன்.

"ஒன்றரை மாசம் உன் கடையில தூசி தின்னிருக்கு. குறை."

நாற்பது நிமிடம். தொண்டை வற்றிவிட்டது எனக்கு. கடைசியில், "சரி, நீ சொன்ன விலையே இருக்கட்டும். ஆனா ஒரு கண்டிஷன்" என்றான். "நீயும் உள்ள வந்து டாக்டர்கிட்ட பேசணும். ஆறு வியாழன். ரெண்டு வருஷமா நீ இருக்கிற இருப்பை உன் வீட்டம்மா சொல்லிச்சு."

நான் ஒன்று என்றேன். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு கேவலமாக நான் பேரம் பேசியதில்லை. ஐந்தில் முடிந்தது.

அடுத்த வியாழன் பதினோரு மணிக்கு மேல்தான் கடை திறக்கும் என்று பலகையில் எழுதி வைத்துவிட்டேன்.