காலியாக விட்ட செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பெனிட்டா,

நான்கு மாதமாக நீ பேச்சை நிறுத்தி வைத்திருப்பவள் எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடாதே, சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

திரேஸ்புரம் கடற்கரையில் நண்டு அளந்த அசைன்மென்ட் ஞாபகம் இருக்கிறதல்லவா? நீ என்னைப் பார்த்து எழுதியதாக உனக்கு முட்டை விழுந்ததே, அதுதான். இன்று சார் என்னுடையதைக் கண்காட்சிக்கு எடுத்தார். அட்டவணையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "ஒரு செவ்வாக்கிழம மட்டும் காலியா கெடக்கே, அன்னைக்கு அளக்கப் போவலையாம்மா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. உன் நோட்டிலிருந்து எடுத்தபோது அந்தக் காலி வரியையும் சேர்த்தே எடுத்திருந்தேன்.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். ஆகஸ்ட் பன்னிரண்டு. டெங்கு என்று எனக்கு ட்ரிப் ஏற்றிய நாள். பகல் முழுக்க ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது நீ.

"இது அவ அளந்தது சார். நான்தான் பாத்து எழுதுனேன். முட்டைய எனக்குப் போடுங்க" என்றேன். வகுப்பே கேட்டது.

போட்டுவிட்டார். உன் மார்க் உனக்கு வந்துவிட்டது. கண்காட்சியில் அட்டவணை உன் பெயரில்தான் தொங்கப்போகிறது. முட்டை வாங்கிக்கொண்டு ஹாஸ்டல் வரை சிரித்துக்கொண்டே ஓடிவந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் அசைன்மென்ட்டைத் திருத்தி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். ஆதாரம் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். காலி வரிக்கு ஓர் அடிக்குறிப்பும் போட்டிருக்கிறேன்: "அளந்தவர் அன்று என் கட்டிலருகே இருந்தார்."

இப்படிக்கு,
உன் நோட்டைத் திருப்பித் தர வேண்டியவள்