முப்பது கட்ட ஆகாயம்

நேற்று கரோல் பாக்கில் ஒரு டைல்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மகள் வீட்டுக் குளியலறைக்குத் தரை மாற்றுகிறார்கள். கடைக்காரர் எடுத்துப் போட்ட பலகை முழுக்கத் தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள். மகள் நிறத்தைப் பார்த்தாள். நான் குனிந்து ஒரு வரிசையில் எத்தனை என்று எண்ணினேன். பதினான்கு. ரொம்பச் சின்னது என்று உன்னிடம் சொல்லத் தோன்றியது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். டெல்லி கோல் மார்க்கெட் அரசுக் குவார்ட்டர்ஸில் நீ மாடி, நான் கீழ். இருவருக்கும் முப்பது ஆகவில்லை. உன் கணவர் மஞ்சள் காமாலையில் மூன்றே வாரத்தில் போய்விட்டார். அதன் பிறகு ஆறு மாதம் நீ படி இறங்கவில்லை. காய்கறி, பால் எல்லாம் நான்தான் மேலே கொண்டுவந்து கொடுப்பேன். வாங்கிக்கொள்வாய், பேச மாட்டாய். அவர் அலுவலகத்திலிருந்து உனக்கு வேலை தருவதாகக் கடிதம் வந்திருந்தது. பதில் போடாமல் வைத்திருந்தாய். ஊருக்கு வந்துவிடு என்று அம்பாசமுத்திரத்திலிருந்து உன் அப்பாவும் எழுதிக்கொண்டிருந்தார்.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த உன் தம்பி விடுப்பில் வந்தபோது, ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கிய ஓர் அட்டைப் பெட்டியை விட்டுவிட்டுப் போனான். ஒருநாள் மதியம் நான் தோசை மாவோடு மேலே வந்தேன். நீ அதிலிருந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாய். நிமிராமலே, "ஏளா, இத விளையாட ரெண்டு பேரு வேணும்" என்றாய். ஆறு மாதத்தில் நீயாகப் பேசிய முதல் வாக்கியம் அது. மாவுப் பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விண்வெளியில் சண்டை போடும் கப்பல்கள். ஆளுக்கு மூன்று அட்டைக் கப்பல். ஒரு சுற்றுக்கு ஆறு கட்டம் நகரலாம். பத்துக் கட்டத் தூரம் வரை சுடலாம். பெட்டியோடு வந்த வரைபடம் பெரிய காபித் தட்டு அளவுதான், தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள், குறுக்கே பதினான்கு. முதல் சுற்றிலேயே எல்லாரும் எல்லாரையும் சுட்டுவிடலாம். கால் மணி நேரத்தில் இரண்டு பக்கமும் சாம்பல். நான்கு நாள் விளையாடிய பிறகு நீ சொன்னாய்: "இதுல யோசிக்க இடமே இல்ல. எதிர்ல நிக்கான், சுடு. அவ்வளவுதான்."

நீ கணக்குப் பட்டதாரி. வேறு வரைபடம் நாமே போடலாம் என்றாய். என் கணவர் சார்ட் காகிதம் வாங்கி வந்தார். ஒரு வட்டம் போட்டு, அதே அளவுக் கவராயத்தால் விளிம்பைச் சுற்றி ஆறு புள்ளி வைத்தால் கட்டம் வந்துவிடும் என்று காட்டிக்கொடுத்தாய். இரண்டு வாரம் வரைந்தோம். உனக்கு ஆசை அடங்கவில்லை. பன்னிரண்டு காகிதம் ஒட்டினாய். உன் அறையில் கட்டிலும் அலமாரியும் போக மீதியிருந்த தரையில் அதில் பாதிகூட விரியவில்லை. கீழே புல்வெளிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சுருட்டிய காகிதத்தின் ஒரு முனையை நானும் மறுமுனையை நீயும் பிடித்துக்கொண்டு படி இறங்கினோம். நீ இறங்குகிறாய் என்பதை நான் கடைசிப் படியில்தான் உணர்ந்தேன். எதுவும் சொல்லவில்லை, சொன்னால் திரும்பிவிடுவாயோ என்று பயம்.

குளிர்கால ஞாயிற்றுக்கிழமை. வெயிலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பஞ்சாபிப் பெண்கள், ரங்கோலியா என்று இந்தியில் கேட்டார்கள். சண்டை என்றாய். ஒருத்தி சிரித்துக்கொண்டே காகிதம் பறக்காமல் இருக்கத் தன் செருப்பை ஓரத்தில் வைத்தாள்.

அன்று காலை முழுக்க ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. இடம் அவ்வளவு இருந்தது. நான் ஓடினேன், நீ துரத்தினாய். இருவருக்கும் ஒரே வேகம், எப்படிப் பிடிப்பாய்? மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது, மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். அப்பாவோடு ஊருக்குப் போய்விடு, இந்த ஊரில் தனியாக எப்படி இருப்பாய், எனக்கே பயமாக இருக்கிறது என்றேன். நீ கப்பல்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாய்.

"நீ ஓடுதே, சரி. என்னையும் ஏன் ஓடச் சொல்லுதே?"

ஒரு வாரம் பேசவில்லை. கதவு திறந்து பாலை வாங்கிக்கொண்டு மூடிவிடுவாய். நான் நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று என் கணவரிடம் அழுதேன்.

எட்டாம் நாள் நீயே இறங்கி வந்தாய், கையில் கணக்குப் போட்ட தாளோடு. பன்னிரண்டு வேண்டாம், ஆறு காகிதம் போதும். குறுக்கே முப்பது கட்டம் வரும் என்று விளக்கினாய். இரண்டு பேரும் நெருங்கினால் சுற்றுக்குப் பன்னிரண்டு கட்டம் குறையும். முதல் சுற்றில் யாரும் யாரையும் தொட முடியாது, யோசிக்கலாம். இரண்டாவதில் முடிவெடுத்தே ஆகவேண்டும். ஓடலாம், ஆனால் விளிம்பு வரைக்கும்தான். தாண்டினால் கப்பல் போய்விடும். நான் அன்றைக்குச் சொன்னதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நான் பென்சிலைச் சீவினேன்.

அடுத்த சனிக்கிழமை உன் அப்பா வந்தார், திரும்பிப் போக இரண்டு டிக்கெட்டோடு. ஞாயிறு காலை, மகளைக் காணவில்லையே என்று மாடியிலிருந்து இறங்கி வந்தார். நீ புல்லில் மண்டியிட்டு, என் கப்பல் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று என்னோடு வாதாடிக்கொண்டிருந்தாய். முகம் சிவந்திருந்தது. அவர் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னிடம் மெதுவாக, இவள் எப்போதிலிருந்து இப்படிப் பேசுகிறாள் என்று கேட்டார். ஒரு மாதமாக, மாமா, என்றேன்.

நீ எழுந்து கைப்புழுதியைத் தட்டினாய்.

"அப்பா, நான் அந்த வேலையில சேரப் போறேன். ரெண்டு வருஷம் இருந்து பாக்கேன். சரிவரலன்னா ஊருக்கு வாரேன்."

அவர் என்னைப் பார்த்தார். பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லியே பழகியவள் நான். அன்று, "நாங்க கீழதான் இருக்கோம், மாமா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புல்லிலேயே உட்கார்ந்து, இதில் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டார். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்து செய்தார்.

இரண்டு வருஷம் என்றவள் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தாய். குளிர்கால மதிய இடைவேளைகளில் மற்ற பிரிவுக்காரர்கள் அலுவலகப் புல்வெளியில் சீட்டாடும்போது, உன் பிரிவுப் பெண்கள் கப்பல் ஓட்டினார்கள் என்று சொல்வாய். பாதியைத்தான் நம்பினேன்.

உன் காரியத்தன்று அவர்களில் மூன்று பேர் வந்தார்கள். எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். காகிதம் கிழிந்துவிட்டது, புதிதாக வரைய வேண்டும், எத்தனை கட்டம் என்று மறந்துபோயிற்று என்றார்கள். முப்பது என்றேன். ஏன் முப்பது என்று ஒருத்தி கேட்டாள். நீ சொன்ன கணக்கை வரிவரியாகச் சொன்னேன், ஒரு பேனாவும் இல்லாமல்.

இப்போது சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வருகிறார்கள். போன வாரம் இரண்டாம் சுற்றில் என் கப்பலுக்கு எதிரே இரண்டு வந்து நின்றன. பின்னால் ஓட வேண்டிய மட்டும் இடம் இருந்தது. நான் முன்னால் நகர்த்தினேன். நான்காம் சுற்றில் தோற்றேன். எதிரியின் கப்பல் ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான். அடுத்த ஆட்டத்துக்கு நானே முதலில் கப்பல்களை அடுக்கி வைத்தேன்.