தகரப் பெட்டி வைத்த இடம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்தில் நீ திட்டியிருந்த வேகத்தைப் பார்த்தாலே உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. நானும் சுகம். இவளுக்குத்தான் முழங்கால் வலி. மாடிப்படி ஏறும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறாள். "பதினாறு படிக்கே இந்தப் பாடு. உங்க அக்கா எப்படித்தான் அவ்வளவு பெரிய மலையில ஏறினாங்களோ!" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள்.

கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். முப்பத்தெட்டு வருஷமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். காரணத்தை இன்று சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் சொன்னால் நடுவில் புகுந்து பேசிவிடுவாய் என்றுதான் கடிதம்.

மலையேறும் சங்கத்து நூலகர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். நம் பயணத்தின் வரலாற்றைத் திரும்பவும் முதலிலிருந்து எழுதுகிறார்களாம். நீ முன்னுரை எழுதுவதாகச் சொன்னார். அடிவார முகாமில் நான் எழுதிவந்த காற்றழுத்த நோட்டு வேண்டும் என்றார். தேடிப் பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். தேட என்ன இருக்கிறது? அது என் மேசையின் கீழ் அறையில் அப்படியே இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும். தினமும் காலை ஆறு மணிக்குக் கருவிப்பெட்டியைத் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, வயர்லெஸ்ஸில் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் அதை வைத்து உங்கள் உயரமானியைத் திருத்திக்கொள்வீர்கள். கூடாரத்திலிருந்து பெட்டி பத்தடி தூரம். நீங்கள் உச்சிக்குக் கிளம்பிய அன்று அந்தப் பத்தடி நான் போகவில்லை, அக்கா. நல்ல குளிர். நாலு நாளாக முள் அசையவே இல்லை. படுத்தபடியே வயர்லெஸ்ஸை எடுத்து முந்தின நாள் எண்ணைச் சொல்லிவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தபோது முள் நன்றாக இறங்கியிருந்தது. காற்றழுத்தம் இறங்கினால் உயரமானி இருப்பதைவிட அதிகமாகக் காட்டும் என்பது உனக்கே தெரியும். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். பேட்டரி வீணாகும் என்று நீங்கள் மாலை ஆறு மணி வரை அணைத்து வைத்திருந்தீர்கள்.

நீயும் உன்னோடு ஏறிய நெட்டையும் மேகத்துக்குள் நின்று, உச்சியின் உயரத்தை உயரமானி காட்டுகிறது என்று, வந்ததற்கு அடையாளமாகத் தகரப் பெட்டியைப் புதைத்துவிட்டு வந்தீர்கள். நான் எத்தனையோ முறை கணக்குப் போட்டுவிட்டேன். உச்சிக்கு இன்னும் நாற்பது மீட்டராவது இருந்திருக்கும்.

நோட்டைக் கொடுக்கட்டுமா?

அன்புடன்,
தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கொடுக்காதே.

நான் முன்னுரையை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நெட்டை போய் நாலு வருஷம் ஆகிறது. அவன் மனைவி, மேலே நான் எடுத்த அவன் படத்தைக் கூடத்தில் மாட்டி, தினமும் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் வெறும் வெள்ளை. குளியலறையில் எடுத்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அவளுக்கு அதுதான் உலகம். இப்போது போய், "அது உச்சி இல்லம்மா, பக்கத்து மேடு" என்று நான் சொல்ல வேண்டுமா?

நாற்பது மீட்டர் என்பது நம் பழைய வீட்டுத் தெருவின் நீளம்கூட இல்லை. அதற்காக எத்தனை பேரின் வாழ்க்கையைக் கிளறுவாய்? உன் மனசை இறக்கிவைக்க என் தலைதானா கிடைத்தது?

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தோம். பரவாயில்லை என்கிறாள்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆச்சரியப்படுவாய் என்றும் நினைத்திருந்தேன். உன் கடிதத்தில் கோபம் மட்டும்தான் இருந்தது. நாலைந்து முறை படித்துப் பார்த்தேன். "நிஜமாகவா?" என்று ஓரிடத்தில்கூட நீ கேட்கவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. சின்ன வயதிலிருந்து நீ என்னைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவாய். பள்ளிக்கூட வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டு மானத்தை வாங்குவாய். மலையிலிருந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. வயதாகிவிட்டதால் மரியாதை கொடுக்கிறாய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள் நான்.

உனக்குத் தெரியும், இல்லையா?

நெட்டையின் மனைவியைப் பற்றி எழுதியிருந்தாய். நியாயம்தான். ஆனால் நர்ஸை மறந்துவிட்டாய். நமக்கு மூன்று வருஷம் கழித்து அதே உச்சிக்குப் போய்விட்டு வந்து, "அங்க பெட்டி எதுவும் இல்லையே" என்று அந்தப் பெண் சொன்னாள். அவளை என்ன பாடு படுத்தினார்கள்! பொறாமை என்றார்கள். மேலே போகவே இல்லை, பொய் சொல்கிறாள் என்றும் எழுதினார்கள். அதற்குப் பிறகு எந்தப் பயணத்திலும் அவளைச் சேர்க்கவில்லை. நாம் இரண்டு பேரும் பத்திரிகையைப் படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, வேலைக்குப் போனோம்.

நோட்டு என்னுடையது. தவறும் என்னுடையது. பேர் மட்டும் உன்னுடையது. அதனால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. நீ வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த நோட்டை எரிக்கவும் மாட்டேன். நான் போன பிறகு என் பிள்ளைகள் மேசையைக் காலி செய்யும்போது வெளியே வரும். அப்போது பதில் சொல்ல நீயும் இருக்க மாட்டாய்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். பக்கத்து வீட்டில் விசாரித்தேன். "அவங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்காங்க. ரெண்டு நாளா வெளியூர் போயிருக்காங்க" என்றார்கள். என்னிடம் சொல்லாமல் நீ வெளியூர் போனதே கிடையாது.

திட்டியாவது ஒரு வரி எழுது. நீ பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி


ஏப்ரல் 23

அடேய் தூங்குமூஞ்சி,

தெரியும். அன்றைக்கே தெரியும்.

இறங்கும்போது ஒரு நிமிடம், அவ்வளவுதான், மேகம் விலகியது. திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நின்ற மேட்டுக்குப் பின்னால் இன்னொரு மேடு, அதைவிட உயரமாக, வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. நெட்டை எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தான். அவன் கால்விரல்கள் அப்போதே குளிரில் கறுத்துவிட்டன. சொன்னால் திரும்பி ஏறுவான் என்று பயந்து சொல்லவில்லை. அன்று அது சரிதான், இன்றும் அதையேதான் செய்வேன்.

முகாமுக்கு வந்ததும் உன் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், நீ கருவிப்பெட்டிப் பக்கத்திலேயே நிற்கிறாய். பிறகு நீ கூடாரத்தில் இல்லாதபோது நோட்டைத் திறந்து பார்த்தேன். ஆறு மணிக்கு முந்தின நாள் எண்ணே, ஒன்பது மணிக்கு வேறோர் எண். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

உன்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று முப்பத்தெட்டு வருஷமாக என்னையே நம்பவைத்திருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி அந்தக் கைதட்டல். நன்றாக இருந்தது, தம்பி. ஒவ்வொரு கூட்டத்திலும், "உச்சியில் நின்றபோது எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் ஏதேதோ அளந்துவிட்டேன். உலகமே காலடியில் கிடந்தது என்றேன். மேகத்தில் என் காலடியே எனக்குத் தெரியவில்லை.

நர்ஸை நான் மறக்கவில்லை. உன் கடிதத்தில் அவளைப் பற்றிப் படித்ததும் கோபம் வந்தது. நீ அவளை மறந்திருப்பாய் என்று நம்பியிருந்தேன்.

நூலகரிடம் அவள் முகவரியை வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டு, யார் என்றுகூடக் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "முதல்ல உக்காருங்க. கையை நீட்டுங்க" என்று ரத்த அழுத்தம் பார்த்தாள். "கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு. மெதுவா வந்திருக்கலாமே" என்றாள். பிறகுதான் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். உன் ஆறு மணி எண்ணையும் சொன்னேன், மன்னித்துவிடு. அவள் கருவியின் பட்டையைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். சுருட்டியதைப் பிரித்தாள், திரும்பவும் சுருட்டினாள். கத்துவாள், வெளியே போ என்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"பெட்டி, பெட்டி, பெட்டி. இத்தனை வருஷமா பார்த்தவங்க எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க" என்றாள். "மேல எப்படி இருந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்னைக் கேக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

சொன்னாள். இருட்டும் வரை சொன்னாள். மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்து, இது நீங்க நின்ன மேடு, இது உச்சி என்று காட்டினாள்.

நெட்டையின் மனைவியிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் துணியை எடுத்துப் படத்தைத் துடைத்தாள். பிறகு, "படத்துல இருக்கிறது அவர்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ அது அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்மேல் வருத்தம்தான். இருக்கட்டும்.

முன்னுரையைத் திருப்பி வாங்கிக் கிழித்தாயிற்று. புதிதாக நான் எழுதவில்லை. நர்ஸ் எழுதுகிறாள். நோட்டைத் தபாலில் போடாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. முப்பதாம் தேதி சங்கத்தில் அவளும் இருப்பாள், நாமும் இருப்போம். உங்கள் ஊரிலிருந்து ரயில் காலை ஆறு மணிக்கு. இந்தத் தடவையாவது எழுந்திரு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உச்சியில் இடம் ரொம்பக் கொஞ்சமாம். கால் நீட்ட முடியாதாம். இரண்டு பேர் ஒட்டி உட்காரலாமாம். நர்ஸோடு ஏறியவள் கீழேயே நின்றுவிட்டதால், பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்ததாம்.

உன்,
உச்சிக்குப் போகாத அக்கா