முனியாண்டிக்கு வைத்த கஞ்சா

நெடுங்கேணி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கௌசலாவுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கொழும்பில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க முனியாண்டி துணை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியில் புகுந்து எனக்குச் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவாய். சட்டம் படித்த பிள்ளையோடு கதைத்து வெல்ல என்னால் முடியுமா? கடிதம் என்றால் முழுவதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மழை பிந்திவிட்டது. மேட்டு வயலில் யானை இறங்கி வரம்பை எல்லாம் உழக்கிவிட்டுப் போயிருக்கிறது.

போதைப்பொருள் சட்டத்தை மாற்றச் சொல்லி உங்கள் குழு எழுதிய யோசனைகளைத் தம்பி சதீஸ் எனக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினான். விற்கிறவன் வேறு, கையில் கொஞ்சம் வைத்திருந்தவன் வேறு, அதற்கு அடிமையானவனுக்குச் சிறையல்ல, வைத்தியம்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். என் வயிற்றில் பிறந்தவள் நாட்டின் சட்டத்துக்கே திருத்தம் சொல்கிறாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தையில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

போன கிழமை இதைப் பற்றிக் கருத்துக் கேட்க இங்கே ஒரு கூட்டம் வைத்தார்கள். வற்புறுத்தி அப்பாவையும் கூட்டிப்போனேன். ஒரு பெரியவர் எழுந்து, கஞ்சாவோ ஐஸோ, பிடிபட்டவன் எல்லாம் வியாபாரிதான், எல்லோருக்கும் ஒரே தண்டனை கொடுங்கோ என்றார். சனம் கைதட்டியது. பிள்ளைகளைக் கெடுக்கிற அந்த ஐஸ் போதையை விற்கிறவர்களை நினைத்தால் எனக்கும் வயிறு எரியும், நானும் தட்டினேன். திரும்பிப் பார்த்தால் அப்பா எழுந்து நிற்கிறார்!

கஞ்சாக் கேஸ் என்று ஊர் வைத்த பட்டத்துக்குக் கூசி, பரம்பரையாகச் செய்த பூசையையே விட்டு வீட்டோடு கிடந்த மனுஷன். ஐயா, நான்தான் அந்தக் கஞ்சாக் கேஸ் என்று தொடங்கினார். முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் கஞ்சாவும் படைக்கிறது எங்கட வழக்கம், தேயிலைத் தோட்டத்தில இருந்து வரேக்க சாமியையும் கொண்டுதான் வந்தம், நான் அதை ஒருநாளும் வாயில வைச்சதில்லை என்றார். பூசைக்குக் கொண்டுபோகேக்க பிடிச்சு, யாருடையது எண்டு பொலிஸ் கேட்டது, முனியாண்டியுடையது எண்டு உள்ளதைச் சொன்னன் என்றார். அந்த முனியாண்டியையும் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் ஜீப்பில் போனதும், இவர் மரத்தடியில் சூலத்தைக் காட்டியதும் உனக்குத் தெரிந்த கதைதானே. அதையும் சொன்னார், மண்டபமே சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டால் வீட்ட போகலாம் எண்டாங்க, ஒத்துக்கொண்டன், அதோட விக்கிறவனுக்கும் எனக்கும் ஒரே பேராப் போச்சு, அந்தப் பேரைப் பிரிச்சுத் தாங்கோ, வேற ஒண்டும் வேண்டாம் என்று சொல்லி முடித்தார். அந்தப் பெரியவரே எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். இந்த மனுஷனைக் கட்டியதற்கு நான் அன்றைக்குப் பட்ட பெருமை கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

இனி உன் விஷயம். யோசனையில் அப்பாவின் கேஸையும் எழுதியிருக்கிறாய். ஆனால் வன்னியைச் சேர்ந்த ஒருவர் என்று போட்டிருக்கிறாய். சதீஸ் அதை வாசித்தபோது, ஒருத்தர் எண்டா ஆரு என்று கேட்டுவிட்டு அப்பா எழும்பிப் போய்விட்டார். அவரைக் காப்பாற்றத்தான் பிள்ளை அப்படி எழுதினது என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். கேஸ் நடந்த நாளில் இருந்து நீ ஊர்ப்பக்கம் வரவில்லையே மகள், அவர் எப்படி நம்புவார்?

வருகிற மாதம் முனியாண்டி பூசை. அப்பாதான் செய்ய வேண்டும் என்று ஊர் வந்து கேட்டிருக்கிறது. இந்தமுறை சுருட்டோடு நிறுத்துவதாக இருக்கிறார், சட்டம் மாறும்வரை சாமி பொறுத்துக்கொள்ளுமாம். நீ வந்து அவர் பக்கத்தில் நில்.

உன் படிப்புக்கும் எழுத்துக்கும் ஒரு குறையும் வராது, நல்லா இரு. ஒருவர் என்று எழுதிய இடத்தில் மட்டும் பெயரைப் போட்டுவிடு. நான் அவர் பெயரை வாயால் சொல்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால் கீழே எழுதியிருக்கிறேன், பார்த்து எழுது.

உன் அம்மா,
வேலு தங்கராசாவின் மனைவி
ராஜினி