நெடுந்தீவிலிருந்து தையற்கடைக்கு

நெடுந்தீவு,
2.7.2025, புதன்

அன்புள்ள அம்மா,

மேகலா அக்கா தன் போனில் இந்தப் பக்கங்களைக் காட்டுவார். எழுத்தைப் பெரிதாக்கிப் படி. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுத்தான் தையற்கடைக்கு வந்திருப்பாய்.

போனில் பேசாமல் ஏன் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறாய் என்று கேட்டிருந்தாய். உன் குரலைக் கேட்டால் நீ சொல்வதற்கெல்லாம் சரி என்றுவிடுவேன் அம்மா. எனக்கு என்னைத் தெரியும்.

இருபத்திரண்டாம் தேதி கோர்ட்டில் சாட்சி சொல்லும்வரை சென்னையிலும் இருக்காதே, ஊர்ப்பக்கமும் வராதே என்று வக்கீல் எழில்மொழி அக்கா சொல்லிவிட்டார். என் ஆபீஸ் வாசலில் அப்பா அனுப்பிய ஆட்கள் இரண்டு முறை வந்து நின்றார்கள். உனக்குத் தெரியுமோ என்னவோ. என்னோடு வேலை பார்க்கும் பாத்திமா முத்துப்பேட்டைக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவோம். அவள்தான், "ரூமுக்குள்ளயே கெடந்தா நீ செத்துருவடி. வா, யாழ்ப்பாணத்துத் தீவுகளச் சைக்கிள்ல சுத்திட்டு வருவோம்" என்று இழுத்து வந்தாள்.

தஞ்சாவூரில் வக்கீலைப் பார்த்துவிட்டு நாகப்பட்டினம் பஸ் ஏறினோம். அது கும்பகோணம் வழியாகப் போனது. தாராசுரம் வந்ததும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். பிறந்த ஊரைத் திருடி மாதிரிக் கடந்தேன். அப்புறம் கப்பலில் காங்கேசன்துறை, அங்கிருந்து பஸ், பிறகு ஒரு மணி நேரம் படகு.

இங்கே காற்று ஓய்வதே இல்லை. தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மண்ணும் பவளக்கல்லுமாக ஒரு பாதை. போகும்போது காற்று முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது, மிதிக்கவே வேண்டாம். திரும்பும்போது இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. சிமெண்டு இல்லாமல் பவளக்கல்லையே அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். டச்சுக்காரர்களின் கோட்டை இடிந்து கிடக்கிறது. அவர்கள் குதிரை வளர்த்த லாயத்தில் வரிசையாகத் தூண்கள் மட்டும் நிற்கின்றன, கூரை இல்லை. அந்தக் குதிரைகளின் வம்சம் இன்றைக்கும் யாருக்கும் சொந்தமில்லாமல் தீவெல்லாம் திரிகிறது. கோடையில் தண்ணீர் இல்லாமல் சாகுமாம். நேற்று ஒன்று வழியிலேயே செத்துக் கிடந்தது. அதன் குட்டி பக்கத்தில் நின்றது. நாங்கள் சைக்கிளை வயலுக்குள் இறக்கிச் சுற்றிப் போனோம்.

முட்டிவலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

உன்,
வானதி

*

கும்பகோணம்,
7.7.2025

என் செல்ல மகள் வானதிக்கு,

அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும்.

ரவிக்கை அளவு கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மேகலா கடைக்கு வந்தேன். ஒரு மாதத்துக்குள் இது மூன்றாவது ரவிக்கை. உன் அப்பா ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு பாதி முடிந்தது, எல்லாம் மிஷின் நடவுதான். நம் வயலுக்குக் கீழத்தெருவிலிருந்து ஒருவரும் வேலைக்கு வருவதில்லை. இரண்டு வருடமாக வருவதில்லை. உன் அப்பா யாரையும் கூப்பிடுவதும் இல்லை.

அந்நிய தேசத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளை சைக்கிளில் சுற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெயிலில் கறுத்திருப்பாய். அந்தப் பெண் பாத்திமாவின் கையை விடாதே.

ராஜராஜனை ஜெயிலில் போய்ப் பார்த்தோம். உன் அண்ணன் பாதியாக இளைத்துவிட்டான். "வானதி எப்படிம்மா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டான். நீ நம்பமாட்டாய். சின்னதில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டியவன் அவன். அவனுக்கு ஆயுள் தண்டனை ஆகிவிட்டால் நான் கண் மூடும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், சொல்.

போன உயிர் வராது. நீ பொய் சொல்ல வேண்டாம். பயத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லு, போதும். ஹெல்மெட் போட்டிருந்தார்கள் என்று சொல்லு. உன்னைத் தவிர நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று நம் வக்கீல் சொல்கிறார். அம்மா உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

உன் அம்மா

*

நெடுந்தீவு,
11.7.2025

அம்மா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்று பக்கத்தில் அவர் பெயரை நீ ஓரிடத்தில்கூட எழுதவில்லை. அண்ணாதுரை. என் புருஷன் பெயர் அது.

நேற்று மேற்குக் கரைவரை போனோம். காற்றில் பாத்திமா இரண்டு முறை விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். எங்களுக்குச் சைக்கிள் வாடகைக்குத் தரும் அம்மாதான் மஞ்சள் வைத்துக் கட்டினார். அவர் வீட்டுக்காரர் சண்டைக் காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. யார் சுட்டது என்று கரையில் நின்ற இவர் பார்த்திருக்கிறார். விசாரணைக்கென்று யார் யாரோ வந்து ஏழு முறை கேட்டார்களாம், ஏழு முறையும் சொன்னாராம். சொல்லி என்ன கிடைத்தது என்று கேட்டேன்.

"ஒண்டும் கிடைக்கேல்லைப் பிள்ளை. சொல்லாட்டி, அந்த மனுசன் இருந்ததே இல்லையெண்டு ஆக்கிப்போடுவாங்கள்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து வந்தார்.

அம்மா, நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதற்கு மட்டும் பதில் எழுது.

2023 மே பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. "அப்பா மனசு மாறிட்டாரு, மாப்பிள்ளையக் கூட்டிட்டு சாப்பிட வா" என்று நீதான் போன் செய்தாய். வந்தோம். அப்பா சிரித்தார். நீ வாழைப்பூ வடை சுட்டாய். அண்ணாதுரை எட்டு வடை சாப்பிட்டார். கிளம்பும்போது மணி மூன்றரை. நாங்கள் மெயின் ரோட்டுப் பக்கம்தான் திரும்பினோம். நீ வாசலுக்கு ஓடி வந்து, "வாய்க்கால் கரை வழியா போங்க, பஸ்ஸு சீக்கிரம் புடிக்கலாம்" என்றாய்.

அந்தக் கரையில் பட்டப்பகலில் அண்ணனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் நின்றார்கள். யாரும் ஹெல்மெட் போடவில்லை. அண்ணன் என் தலைமுடியைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவரை வெட்டினான். அவர் "வானதி, ஓடு" என்றார். நான் ஓடவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அந்த வழியை நீ ஏன் சொன்னாய்?

வானதி

*

கும்பகோணம்,
25.7.2025

வானதிக்கு,

இதை மேகலாவின் போனில் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தாளையே தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி கோர்ட்டுக்கு நானும் வந்திருந்தேன். நீ பார்த்தாய். என்னை ஏன் அழைத்து வந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. "நீ முன்னாடி உக்காந்து அழு. ஒன்னப் பாத்தா அவளுக்கு வாய் வராது" என்றார் உன் அப்பா. நான் அழவில்லை. இரண்டு மணி நேரம் உன் அண்ணன் தரப்பு வக்கீல் உன்னைக் கேட்டார். உன் ஒழுக்கத்தைப் பற்றி என்னவெல்லாமோ கேட்டார். நீ தண்ணீர்கூடக் கேட்காமல் நின்று சொன்னாய். அண்ணனைக் கைகாட்டினாய். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

இடைவேளையில் வராந்தாவில், கீழத்தெருவிலிருந்து வந்திருந்த அண்ணாதுரையின் அம்மா காளியம்மாள் உட்கார்ந்திருந்தார்கள். நான் விலகிப் போகப் பார்த்தேன். அவர்களே கூப்பிட்டார்கள். ஏசப்போகிறார்கள், ஏசட்டும் என்று நின்றேன்.

"அன்னிக்கு எம்புள்ள ஒங்க வீட்ல வயிறு நெறைய சாப்புட்டானாம்மா?" என்று கேட்டார்கள்.

"சாப்பிட்டாருங்க" என்றேன்.

"சரி" என்றார்கள்.

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் சாப்பிட வருவதற்கு முதல் நாள் காலையில் மாட்டுக்கொட்டகையில் உன் அப்பாவும் ராஜராஜனும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாணி அள்ளப் போனேன். பேச்சை நிறுத்தினார்கள். அப்புறம் உன் அப்பா என்னிடம், "போறப்ப கரை வழியா போகச் சொல்லு, மறந்துடாத" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாலு அடி அடித்துவிட்டு உன்னை வீட்டுக்கு இழுத்து வருவார்கள் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. ராஜராஜன் அரிவாளைச் சாணை பிடித்து வந்து வைக்கோலுக்குள் செருகியதைப் பார்த்தேன். மே மாதத்தில் அறுப்பு ஏது? எனக்குத் தெரியும் வானதி. தெரிந்துதான் வடை சுட்டேன். தெரிந்துதான் வாசலுக்கு ஓடி வந்தேன்.

ஒரே மகன், நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்றார்கள். அந்த நாலு பேரில் ஒருவர்கூட இன்றைக்கு நம் வீட்டுப் படி ஏறுவதில்லை.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு என்று சொல்லமாட்டேன். என் சொந்தக் கையால், சுயநினைவோடு எழுதியிருக்கிறேன். என்ன செய்ய வேண்டுமோ செய்.

து. பிரகதாம்பாள்,
கணவர் பெயர் துரைராசு

*

சென்னை,
6.8.2025

அம்மா,

உன் தாள் வந்து சேர்ந்தது. பாத்திமா பக்கத்தில் இருந்தாள். படித்து முடித்ததும் வாந்தி எடுத்தேன். அந்த வடைகளை நானும்தானே சாப்பிட்டேன்.

நான்கு நாள் கையில் வைத்திருந்தேன். நேற்றுத் தஞ்சாவூர் போய் எழில்மொழி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவையும் வழக்கில் சேர்க்க மனு போடுகிறார்கள். உனக்குச் சம்மன் வரும். உன்னை வெறும் சாட்சியாக மட்டும் வைப்பார்களா, உன்னையும் சேர்ப்பார்களா என்று அக்காவால் இப்போது சொல்ல முடியவில்லை. எதுவானாலும் எழுதியதையே சொல்.

நாம் இருவரும் இனி ஒருவருக்கொருவர் எழுதக் கூடாதாம். இது கடைசி. மேகலா அக்கா கடைக்கு இனிமேல் போகாதே, அவரைத் தொந்தரவு செய்வார்கள்.

உன்னை மன்னிக்க என்னால் முடியவில்லை அம்மா. முயற்சி செய்து பார்த்தேன்.

சம்மன் வந்த பிறகு அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்காதே. தஞ்சாவூரில் பெண்கள் தங்கும் இடம் ஒன்றில் அக்கா சொல்லி வைத்திருக்கிறார். பஸ்ஸில் வராதே, கார் அனுப்புவார். டிரைவர் பெயர் அப்துல் ஹமீது, பெரியவர். சம்மன் வந்த மறுநாள் நம் ஊர்ப் பெரிய கோயில் தெரு முனையில் காலை பத்து மணிக்கு நிற்பார். மெயின் ரோடு வழியாகவே வா.

வானதி