மெர்சிங் ரவுட்டரில் ஓர் எண்

இன்று ஜொகூர் பாரு அலுவலகத்தின் சாமான் அறையைக் காலி செய்தோம். அடியில் மெர்சிங் கிளையின் பழைய ரவுட்டர் கிடந்தது. அதில் ஒட்டியிருந்த தாளில் உன் சாய்ந்த கையெழுத்து. பழைய இரும்போடு போடச் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

கிளைகளின் கணினிகளைச் சேர்த்த அந்த ஃபிரேம் ரிலே இணைப்பை நாம் இருவரும்தான் அமைத்தோம். நடுவில் ஜொகூர் பாரு, அங்கே நீ. கிளைகளுக்கு நான் அலைந்தேன். மெர்சிங்கும் பாசிர் கூடாங்கும் நேராகப் பேசிக்கொள்ள வழியில்லை. எல்லாம் உன் ரவுட்டர் வழியாகத்தான் போகவேண்டும். அதனால் மெர்சிங் ரவுட்டரில் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் ஒரே தட எண். “ரெண்டுக்கும் 201தான், மறந்துடாத லா” என்று போனில் சொன்னாய். பாசிர் கூடாங்குக்கு நான் 102 என்று அடித்தேன்.

மெர்சிங்கின் மீன் ஏற்றுமதிப் பட்டியல் இரண்டு நாள் பாசிர் கூடாங் துறைமுகக் கிளைக்குப் போய்ச் சேரவில்லை. போய்விட்டதென்றே எல்லாரும் நினைத்திருந்தோம். கப்பல் கிளம்பிவிட்டது, சரக்கு கெட்டது. இரு கிளைகளும் ஜொகூர் பாருவோடு ஒழுங்காகப் பேசியதால் கோளாறு நடுவில்தான் என்றார் மேலாளர். மெர்சிங்கில் எண்ணைப் பார்த்தாயா என்று நீ கேட்டாய். பார்த்தேன், சரிதான் என்றேன். அதற்குப் பிறகுதான் பார்த்தேன். மேலாளர் சொல்லி நீ உன் ரவுட்டரை அணைத்து மறுபடி போட்ட அந்தச் சில நிமிடங்களில் எண்ணைத் திருத்தினேன். உன் ரவுட்டர் மீண்டும் ஓடியதும் இணைப்பு வந்தது. பழி உன்மேல் நின்றது.

அந்த வாரமே உன்னை அனுப்பிவிட்டார்கள். உன் நாற்காலி எனக்கு வந்தது. உயரம்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பிறகு நீ தொழிற்சாலை பஸ்ஸில் பாசிர் கூடாங்குக்கு ஷிப்ட் வேலைக்குப் போனாய். ஒருமுறை சாப்பாட்டுக் கடையில் பார்த்தபோது, “நான் ஒண்ணும் தப்பா அடிக்கலடி” என்றாய். எல்லாருக்கும் நடப்பதுதான், விட்டுவிடு என்று உன் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

போன மாதம் உன் காரியத்துக்கு வந்தேன். உன் கணவர் என்னைத் தனியே அழைத்தார்.

“கடைசி வரைக்கும் தான் செய்யலன்னே சொன்னா. நான்தான் நம்பல. நீங்க கூட இருந்தவங்க, சொல்லுங்க. அவ செஞ்ச தப்பா அது?”

“இப்ப எதுக்குங்க அதெல்லாம்” என்றேன்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடம் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கு எனக்கு நன்றி சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.